காற்றின் குருகுலம் – 7: படி எடுத்த கை

சென்ற வாரம்: ஆம்ஸ்டர்டாமின் பழைய தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஸ்வேலிங்க்கிடம் ஜெர்மன் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து படித்தார்கள். 1621-ல் அவர் கண்மூடியபோது அவருடைய ஆர்கன் இசையில் ஒரு பக்கம்கூட அச்சேறியிருக்கவில்லை. மாணவர்கள் எழுதி எடுத்துப்போன தாள்களில்தான் அது உயிர் பிழைத்தது. இனி...

1706 பிப்ரவரி 21. ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஆர்ன்ஷ்டாட் என்றொரு சிற்றூர். திருச்சபைப் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். எதிரே, அவர்களிடம் சம்பளம் வாங்கும் ஆர்கன் வாசிப்பாளன் நிற்கிறான். இருபது வயது. அடுத்த மாதம் வந்தால் இருபத்தொன்று.

குற்றச்சாட்டு சின்னதுதான். நான்கு வாரம் லீவு கேட்டுப் போனவன், அதைப்போல நான்கு மடங்கு காலம் கழித்துத் திரும்பியிருக்கிறான். இத்தனை நாள் எங்கே போயிருந்தான்? யாரைக் கேட்டுப் போனான்?

இந்தப் பையன்மேல் அவர்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. போன ஆகஸ்ட்டில் நடுத்தெருவில் அடிதடி. பஸூன் என்ற ஊதுகருவி வாசிக்கும் மாணவன் ஒருவனை இவன் கேலி பேசியிருக்கிறான். அவன் தடியை ஓங்க, இவன் இடுப்பிலிருந்த கத்தியில் கை வைக்க, நண்பர்கள் பாய்ந்து விலக்கியிருக்கிறார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்த லீவு விவகாரம்.

பையன் சொன்ன பதிலை எழுத்தர் குறித்துக்கொண்டார். முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் குறிப்பு இருக்கிறது. லூபெக் போயிருந்தானாம். தன் கலையில் ஒன்றிரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளப் போனானாம். அவ்வளவுதான் பதில்.

ஒன்றிரண்டு விஷயத்துக்கு நான்கு மாதமா?

பையனின் பெயர் ஜொஹான் செபாஸ்டியன் பாக். லூபெக்கில் அவன் யாரைப் பார்த்தான்? பார்த்த பிறகு, ஊர் திரும்ப ஏன் மனம் வரவில்லை?

*

நான்கு மாதம் பின்னால் போவோம்.

1705-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஐரோப்பாவில் குளிர் இறங்கும் காலம். ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து வடக்கே பால்டிக் கடலோரத்து லூபெக் நகரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாக் நடந்தே போனான் என்று அவன் இறந்த பின் மகன் எழுதிய இரங்கல் குறிப்பு சொல்கிறது. நம் கணக்கில் சொன்னால், புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கிளம்பிக் கோயம்புத்தூர் உக்கடம் வரை நடப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதுவும் மழையிலும் குளிரிலும்.

அப்படி நடந்து போய்ப் பார்க்க நினைத்த மனிதர் டீட்ரிஷ் புக்ஸ்டஹூடே. அப்போதே அறுபத்தைந்தைக் கடந்தவர். லூபெக்கின் மரியாள் தேவாலயத்தில் 1668 முதல் ஆர்கன் வாசிப்பவர். அதே தேவாலயத்தின் கணக்குப்பிள்ளையும் அவர்தான். ஆணி, சுண்ணாம்பு, கூலி என்று பகலில் வரவு செலவு எழுதும் கை. ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்குப் போடும் கை.

அந்தக் கை தொட்ட கருவியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் ஹார்மோனியத்தில் ஒரு கை துருத்தி போட, மறு கை கட்டையில் ஓடும். இங்கே துருத்தி மிதிப்பதற்குத் தனியாக ஆட்கள். வாசிப்பவருக்கு முன்னால் கட்டை வரிசைகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. காலடியில் இன்னொரு வரிசை; அதற்கு மரத்தால் ஆன மிதிகட்டைகள். வெவ்வேறு குரல் எழுப்பும் குழாய் வரிசைகள் ஐம்பதுக்கும் மேல். மிகப் பெரிய குழாய் 32 அடி. மூன்று மாடி உயரம். அதில் காற்று நுழைந்தால் காதுக்குக் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூடு அதிரும்.

அந்தக் கால்கட்டைதான் வடஜெர்மன் ஆசான்களின் பெருமை. மற்ற ஊர்களில் கால் பக்கவாத்தியம். இங்கே காலும் பாடகர். புக்ஸ்டஹூடேயிடம் படித்த நிக்கொலாஸ் ப்ரூன்ஸ் என்ற மாணவர் இதை எங்கே கொண்டுபோனார் தெரியுமா? ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, கையில் வயலினை எடுத்துப் பல பேர் சேர்ந்து வாசிப்பதுபோல வில் போடுவாராம். அதே நேரம் இரண்டு கால்களும் கீழே ஆர்கனில் தனிப் பாட்டு நடத்துமாம். அந்தக் காலத்து இசை எழுத்தாளர் மாத்தேசன் பதிந்துவைத்திருக்கிறார். ஆசான் அவருக்கு வயலினையும் காலையும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்க மாட்டார். கால் தனியாகப் பாடும் என்று காட்டினார். மிச்சத்தை மாணவரே செய்துகொண்டார். அந்த ப்ரூன்ஸ் 1697-ல், முப்பத்தொரு வயதிலேயே போய்விட்டார்.

ஆக, 1705-ல் புக்ஸ்டஹூடேயின் சிறந்த மாணவர் உயிரோடு இல்லை. ஆசானுக்கோ வயதாகிவிட்டது. அவருடைய இடத்துக்கு யார் வருவார் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாக் வாசலில் வந்து நிற்கிறான்.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு திறமைசாலிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள்!

*

அந்த இருவரில் ஒருவர் நாம் இப்போது பார்த்த மாத்தேசன். இன்னொருவர் பின்னாளில் லண்டனையே ஆட்டிவைக்கப்போகும் ஹாண்டல். 1703 ஆகஸ்ட்டில் இருவரும் ஹாம்பர்கிலிருந்து சேர்ந்து வந்தார்கள். ஆர்கனை வாசித்துப் பார்த்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலை வேண்டுமானால் மணமகளும் உண்டு. புக்ஸ்டஹூடேயின் மகள் அன்னா மார்கரேதாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் அதில் துளியும் நாட்டமில்லை என்று மாத்தேசனே எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் ஊரில் பூசை உரிமையும் நாகஸ்வர உரிமையும் மாப்பிள்ளை வழியாகப் போன கதை எத்தனை இல்லை? குடும்பத் தலைவர் கண்மூடினால் மனைவியும் மகள்களும் தெருவுக்கு வராமலிருக்க அந்தக் காலம் கண்ட வழி அது. புக்ஸ்டஹூடேயே அப்படி வந்தவர்தான். முந்தைய ஆசான் டூண்டரின் இடத்துக்கு 1668 ஏப்ரலில் தேர்வானார். ஆகஸ்ட்டில் டூண்டரின் மகளை மணந்தார்.

பாக் ஊரில் தன் உறவுக்காரப் பெண் மரியா பார்பராவை மனத்தில் வைத்திருந்தானோ என்னவோ, பின்னாளில் அவளைத்தான் மணந்தான். லூபெக்குக்கு அவன் வந்தது மாப்பிள்ளைக் கோலத்தில் இல்லை. கேட்க வந்தான்.

கேட்பதற்கு அந்த ஆண்டு லூபெக்கில் விருந்தே காத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஐந்து ஞாயிறுகளில் புக்ஸ்டஹூடே ‘மாலை இசை’ என்று தேவாலயத்தில் கச்சேரி நடத்துவார். பணம் போடுவது ஊர் வணிகர்கள். கேட்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. நம் சபா உற்சவங்களுக்கு ஒரு நூற்றாண்டு மூத்த ஏற்பாடு என்று சொன்னாலும் குறைவுதான். 1705-ல் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்தது. பேரரசர் லியோபோல்டு இறந்து, மகன் யோசேப்பு பட்டத்துக்கு வந்திருந்தார். இறந்தவருக்கு ஒரு நாள், வந்தவருக்கு ஒரு நாள் என்று டிசம்பர் 2, 3 தேதிகளில் இரண்டு பெரும் நிகழ்ச்சிகள். ஓரிடத்தில் 25 வயலின்கள் ஒரே குரலாக ஒலிக்கும்படி புக்ஸ்டஹூடே அமைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் தூணோரமாகப் பாக் நின்றிருப்பான் என்று எண்ணத்தான் தோன்றுகிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கச்சேரிக்கு மூன்றே நாள் முன்பு, நவம்பர் 29 அன்று, கடலுக்கு அக்கரையில் கோபன்ஹேகன் துறைமுகத்திலிருந்து ‘சோபியா ஹெட்விக்’ என்ற கப்பல் பாய் விரித்திருந்தது. அதில் இரண்டு ஜெர்மன் வாலிபர்கள். ஒருவருக்கு வயது 23. பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, கிறிஸ்தவ மதம் பரப்பப் போகிறவர். கப்பல் போகும் திசை நம் தரங்கம்பாடி.

ஒரே குளிர்காலம், ஒரே மொழி பேசும் இரண்டு வாலிபர்கள், பாக்கும் சீகன்பால்குவும். போன இடத்தில் இரண்டு பேருமே மாணவர்கள் ஆனவர்கள். கப்பலை நடுக்கடலில் விட்டுவிட்டு வாருங்கள். அது கரை சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். நாம் அதற்குள் ஆர்ன்ஷ்டாட் விசாரணைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

*

லீவு விவகாரம் முடிந்ததும் பெரியவர்கள் அடுத்த குற்றச்சாட்டை எடுத்தார்கள். இது இன்னும் கடுமையானது.

பையன் லூபெக்கிலிருந்து வந்த பிறகு சபை பாட முடியாமல் தவிக்கிறது! சபையார் எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஆர்கன் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இவனோ ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் விரலை ஓட்டுகிறான். மெட்டுக்குள் ஒட்டாத சுரங்களைக் கலக்கிறான். எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் சனம் திகைக்கிறது. முன்னிசையை நீட்டுகிறான் என்று கண்டித்தார்கள். உடனே ஒரேயடியாகச் சுருக்கிவிட்டான். வீம்பு!

பாக்மேல் புக்ஸ்டஹூடேயின் செல்வாக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் அதிகாரபூர்வச் சாட்சியம் இந்தப் புகார்ப் பட்டியல்தான் என்று சொல்லலாம். பாராட்டு வருவதற்கு முன்னால் புகார் வந்துவிட்டது.

பாராட்ட வேண்டியதைக் காலம் பிறகு காட்டியது. புக்ஸ்டஹூடேயின் படைப்பு ஒன்று ‘பாஸகாலியா’. நிரவல் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது எளிதாகப் புரியும். காலில் ஒரு சிறு இசைத்தொடர், நான்கே கட்டம். அது மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மேலே கைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஒன்றைச் சொல்லும். ஏழு ஏழாக நான்கு பகுதி. மொத்தம் 28 சுற்று. ஒவ்வொரு பகுதியும் புதிய சுருதி நிலையில் நின்று, கடைசிப் பகுதி பழைய வீட்டுக்குத் திரும்பும்.

பாக் பிறகு தானும் ஒரு பாஸகாலியா எழுதினார். (இனி ‘அவன்’ என்று எழுதக் கை கூசுகிறது.) காலில் ஓடும் தொடரை எட்டுக் கட்டமாக்கினார். அதன்மேல் இருபது மாற்றங்கள். ஆசான் போனதுபோல் வேறு சுருதிக்குப் போகவே இல்லை. ஆரம்பித்த இடத்திலேயே காலூன்றி நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அதே தொடரின் பாதியை எடுத்து, ஒரு குரலை இன்னொரு குரல் துரத்தும் ‘ஃபியூக்’ ஒன்றைக் கட்டிமுடித்தார். ஆசான் வீட்டுக் கடைக்காலில் மாணவன் வேறு வீடு எழுப்பினான்.

சரி, ஆசானின் அந்த 28 சுற்று நமக்கு எப்படிக் கிடைத்தது?

இங்கேதான் கதை திகைக்க வைக்கிறது. புக்ஸ்டஹூடேயின் ஆர்கன் இசை எதுவும் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. அவர் கையெழுத்தில் ஓர் ஆர்கன் படைப்புகூட இன்று இல்லை. அவர் வாசித்த கருவி? அந்தப் பெரிய ஆர்கனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மாற்றிவிட்டார்கள். 1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கின்மேல் குண்டு போட்டன. மரியாள் தேவாலயம் எரிந்தது. அங்கே மிச்சமிருந்த பழைய சிறிய ஆர்கனும் எரிந்தது. கோபுரத்து மணிகள் கீழே விழுந்து தரையில் புதைந்து நொறுங்கின. இன்றும் அவை அந்த உடைசலாகவே அங்கே கிடக்கின்றன.

ஆசானும் இல்லை, கருவியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பின் எது இருந்தது?

*

ஒரு திருட்டுதான்.

பாக்கின் தாய் 1694-ல் இறந்தார். தந்தை அடுத்த ஆண்டு. பத்து வயதுப் பிள்ளையை ஓர்ட்ரூஃப் என்ற ஊரில் ஆர்கன் வாசித்துவந்த அண்ணன் ஜொஹான் கிறிஸ்தோஃப் எடுத்து வளர்த்தார். அண்ணனிடம் பெரிய ஆசான்களின் இசை எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. தம்பி எவ்வளவு கேட்டும் கொடுக்கவில்லை. கம்பிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சிறு கை கம்பிக்குள் நுழையும். நோட்டைச் சுருட்டி வெளியே இழுத்தான் பையன். விளக்கு கிடையாது. நிலா வெளிச்சம் இருந்த இரவுகளில் மட்டும் உட்கார்ந்து எழுதினான். முடிக்க ஆறு மாதம் ஆயிற்று. எழுதி முடித்ததை அண்ணன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டார். 1754-ல் வெளியான அதே இரங்கல் குறிப்பில் உள்ள கதை இது.

கல்நெஞ்சுக்கார அண்ணன் என்று திட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். புக்ஸ்டஹூடேயின் பாஸகாலியா இன்று உலகில் ஒரே ஒரு பழைய நோட்டில்தான் இருக்கிறது. அதைத் தன் கையால் எழுதிவைத்தவர் அதே அண்ணன்! அந்த நோட்டில் தம்பியின் பாஸகாலியாவும் இருக்கிறது. ஆசானையும் மாணவனையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துவைத்தது, பிடுங்கிய அந்தக் கைதான்.

இன்னொரு முடிச்சு மிச்சமிருக்கிறது.

2004 செப்டம்பர் 2 இரவு, வைமார் நகரத்து அன்னா அமாலியா நூலகம் தீப்பிடித்தது. ஏறத்தாழ 50,000 புத்தகங்கள் சாம்பல். தீக்குத் தப்பியவற்றை அறிஞர்கள் மிஷாயேல் மௌலும் பீட்டர் வோல்னியும் புரட்டிக்கொண்டிருந்தபோது சில பழுப்புத் தாள்கள் கண்ணில் பட்டன. கோடு போட்டுப் புள்ளி வைக்கும் மேற்கத்திய முறையில் அவை இல்லை, எழுத்துகளாக இருந்தன. நாம் ச ரி க ம என்று எழுதுகிறோமே, அதுபோல வடஜெர்மன் ஆர்கன்காரர்கள் சுரங்களை எழுத்தால் எழுதுவார்கள். எழுத்தின் வளைவை வைத்துக் கையைக் கண்டுபிடித்தார்கள். 2006 ஆகஸ்ட்டில் உலகுக்குச் சொன்னார்கள்.

எழுதிய கை பாக்குடையது. எழுதப்பட்டது புக்ஸ்டஹூடேயின் நீண்ட ஆர்கன் படைப்பு ஒன்றின் பகுதி. எழுதியபோது பையனுக்கு வயது சுமார் பதின்மூன்று.

அப்படியானால் லூபெக் வாசலில் வந்து நின்றவன் புதியவன் இல்லை. முகம் பார்ப்பதற்கு ஆறேழு ஆண்டு முன்பே மாணவனாகிவிட்டவன். 400 கிலோமீட்டர் நடந்தது சேர்வதற்காக இல்லை; விரலுக்குத் தெரிந்ததைக் காதால் சரிபார்த்துக்கொள்ள.

தமிழில் ‘படி’ என்றால் கற்றுக்கொள். ‘படி’ என்றால் நகல். ‘படி’ என்றால் ஏறிப்போகும் கல். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். வாலாஜாபேட்டைச் சீடர்கள் எழுதிவைக்காவிட்டால் தியாகராஜரின் கீர்த்தனைகளில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? திருவையாற்றுக்கும் லூபெக்குக்கும் இந்த ஒரு விஷயத்தில் தூரமே இல்லை.

*

இப்போது நடுக்கடலில் விட்ட கப்பலுக்கு வருவோம்.

1706 ஜூலை 9. ‘சோபியா ஹெட்விக்’ தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே, நம் புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் தன் வாழ்நாள் கனவை முடித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 25-ல் லூயி கோட்டைக்குத் திறப்பு விழா. அந்த ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் மர்த்தேன் மறைந்தார். 1761-ல் ஆங்கிலேயர் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். பாரதி பூங்காப் பக்கம் இன்று நடந்தால் கோட்டை கண்ணில் படாது. ஆனால் கோடு பிடித்ததுபோல் ஒன்றையொன்று வெட்டும் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள், ஸ்வேலிங்க்கின் நாட்டுக்காரர்கள். ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அந்த வரைபடத்தின்மேலேயே வீடு கட்டினார்கள். எதிரியிடமிருந்தும் படி எடுக்கலாம்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ன செய்தார்? வயதான வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடமே இவர் இருந்த வீட்டுக்கு வந்தது. பல்கலைக்கழகம் பார்த்த அந்த ஜெர்மன்காரர் சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மணலைப் பரப்பி, விரலால் எழுதினார். அ. ஆ. அழித்துவிட்டு மறுபடியும் அ. ஆ.

அடுத்து அவர் ஏடுகளைச் சேர்த்தார். கிடைக்காதவற்றைப் படி எடுக்க ஆள் வைத்தார். 1707 ஆகஸ்ட்டில் சிறிய தேவாலயம் ஒன்றும் எழுந்தது. அங்கே ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழ்ச் சொல் உடுத்தின. மெட்டு மட்டும் அப்படியே. லூபெக்கில் புக்ஸ்டஹூடேயின் விரல்கள் எந்தப் பாட்டு மரபின்மேல் ஓடினவோ, ஆர்ன்ஷ்டாட்டில் எந்த மரபைப் பாக் ‘கெடுத்தான்’ என்று புகார் வந்ததோ, அந்த மரபு இப்போது காவிரிக் கடைமுகத்துக்கு அருகே, ஆர்கனுக்குப் பதில் அலையோசை பின்னணியில், தமிழ்த் தொண்டைகளில் ஒலித்தது.

ஆசான் புக்ஸ்டஹூடே 1707 மே 9-ல் லூபெக்கில் கண்மூடியிருந்தார். அந்தச் செய்தி இந்தக் கரைக்கு எட்டியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

1708 நவம்பர். தரங்கம்பாடிக் கோட்டைத் தளபதி ஹாசியஸின் சிப்பாய்கள் சீகன்பால்குவின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவரை இந்தக் கரைக்கு அனுப்பியவர் டென்மார்க் மன்னர். ஹாசியஸ் காவல் காத்ததோ அதே மன்னரின் கோட்டை. அப்படியிருந்தும் சிப்பாய்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறைக்குள் தள்ளினார்கள்.

மணலில் எழுத்துப் பழகிய அந்த மனிதர் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்?

(தொடரும்)